தொண்ணூற்றொரு சதவீத யூகம்

லேப்டாப்பை மூடினால் இணைப்பு அறுந்துவிடும். அதனால் சம்யுக்தா அதைத் திறந்தபடியே இடது கையில் ஏந்திக்கொண்டு, கல்யாணப் பந்திக்கு வடைத் தட்டு கொண்டு ஓடுகிறவளைப் போல, திருப்பூர் நீதிமன்றத்தின் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். திரையின் நடுவில் ஓர் எண் சிவப்பாக நின்றது. 91.

இரண்டாவது மாடியில் கோர்ட் வாசலில் நின்ற டவாலி கையை நீட்டி மறித்தார். கேஸ் நடக்கிறது, உள்ளே போகக் கூடாது என்றார். நிறுத்தத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லி, நீட்டிய கைக்குக் கீழே குனிந்து நுழைந்துவிட்டாள்.

உள்ளே அரசு வக்கீல் அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்திருந்தார். விபத்து நடந்த அன்று வேனை ஓட்டியது யார்?

சாட்சிக் கூண்டில் நின்ற பெண் தலையை லேசாக நிமிர்த்தினாள். கழுத்துப் பட்டையில் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் பச்சை விளக்கு எரிந்தது. பேசப் போகிறாள் என்று அர்த்தம்.

"ஐயா, அந்தக் கேள்விக்குப் பதில் வாங்காதீங்க" என்றாள் சம்யுக்தா.

நாற்பது தலைகள் திரும்பின. பச்சை விளக்கு அணைந்தது. நீதிபதி அம்பலவாணன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கியிருந்த மனிதர். கோபப்படுவதற்கு முன்னால் விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ளும் பழக்கம் உள்ளவர். நல்லவேளை.

"நீங்க யாரும்மா?"

"இவங்க கழுத்துல இருக்கற மெஷினைச் செஞ்ச கம்பெனியில இன்ஜினீயருங்க ஐயா. இவங்க பேசறதுல நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு இவங்க பேசறது இல்ல."

*

கோயமுத்தூரில் இருக்கும் அந்தக் கம்பெனிக்குப் பெயர் இழை. அவர்கள் செய்யும் கருவிக்குப் பெயர் நாவொலி. தலையில் அடிபட்டோ, பக்கவாதம் வந்தோ பேச்சை இழந்தவர்களுக்குக் காதின் பின்னால் ஒரு சில்லு பதிப்பார்கள். வாய் என்ன சொல்லக் கிளம்புகிறது என்பதை மூளையிலிருந்தே அது பிடித்துக்கொள்ளும். கழுத்துப் பட்டை அதைக் குரலாக்கும். இதுவரை ஆயிரத்து நூற்று நாற்பது பேர் அதை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மார்க்கெட்டில் பேரம் பேசினார்கள், போனில் சண்டை போட்டார்கள், ஒருவர் கல்யாணமே செய்துகொண்டார்.

சம்யுக்தாவின் வேலை கருவியைச் செய்வது அல்ல. அதன் நாடி பிடித்துப் பார்ப்பது. அந்த மென்பொருளின் பெயரே 'நாடி'தான். நேற்று வரைக்கும் அது சூடு, பாட்டரி, நினைவகம் ஆகியவற்றை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. சில்லின் ப்ராஸஸர் உள்ளுக்குள் எப்படி உழைக்கிறது என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று அவளுடைய மேலாளர் பார்த்திபன் சொன்னார். எட்டுக் கட்டங்கள் வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டப் போகிற படத்தில் எட்டுக் கட்டம் வரைந்தாகிவிட்டது. அவள் மூன்று வாரம் உட்கார்ந்து எட்டையும் சேர்த்தாள்.

இன்று காலை ஒன்பது இருபதுக்கு முதல்முறையாக ஓடவிட்டாள். சோதனைக்குச் சம்மதம் தந்தவர்களில் அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான், எண் 417. மூன்றாவது கட்டத்துக்கு 'யூகம்' என்று பெயர் வைத்திருந்தாள். இருபது இருபத்தைந்து வரும் என்று எதிர்பார்த்தாள். 91 வந்தது.

ஓர் எண் புரியவில்லை என்றால் சம்யுக்தாவுக்குச் சோறு இறங்காது. 417 யாரென்று பார்த்தாள். பெயர் கோகிலவாணி, வயது நாற்பத்தொன்று, திருப்பூர். அதன் கீழே இன்னொரு வரி: நீதிமன்றச் சாட்சியம், இன்று காலை பதினொன்று. சாட்சி சொல்லும்போது மென்பொருளை மாற்றித் தொலைக்காமல் இருக்க, இந்தத் தகவலைக் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது விதி.

பார்த்திபனுக்குப் போன் செய்தாள். அவர் நிதானமாகத்தான் பேசினார். "அவசரப்படாதே சம்யூ. இந்த எண்ணு வெளியில போச்சுன்னா, நாளைக்கு பேங்க்ல, பத்திர ஆபீஸ்ல, ஆஸ்பத்திரியில, ஆயிரத்து நூத்துச் சொச்சம் பேர் சொல்ற எதையும் ஒருத்தனும் நம்ப மாட்டான். பேச்சு வந்தும் ஊமையாயிடுவாங்க."

அதுவும் நிஜம்தான். ஆனால் யாரோ ஒருவர் சில்லின் யூகத்தால் ஜெயிலுக்குப் போனால் பரவாயில்லையா என்று கேட்டாள். போனை வைத்தாள். அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

*

நீதிபதி எல்லாரையும் தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டார். அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், சாட்சி கோகிலவாணி, குற்றம் சாட்டப்பட்ட நவநீதன், சம்யுக்தா. நவநீதன் கோகிலவாணியின் தம்பி.

வழக்கு சின்னது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி வேன், சைக்கிளில் பால் கொண்டு போன பெரியதம்பி என்பவர் மீது மோதியது. அவர் அங்கேயே இறந்துபோனார். வேனில் இருந்தவர்கள் அக்காவும் தம்பியும் மட்டும். வேன் உருண்டதில் இருவருமே வெளியே வந்து விழுந்திருந்தார்கள். நவநீதன் அந்தக் கம்பெனியின் டிரைவர். கோகிலவாணி அதே கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனில் ஓட்டை ஒடிசல் பார்க்கிற பிரிவு. தலையில் பட்ட அடியில் அவளுக்குப் பேச்சு போனது.

எட்டு மாதத்துக்கு முன் நாவொலி பொருத்தியதும் போலீஸ் வந்து கேட்டது. வேனை ஓட்டினது யாரு? கழுத்துப் பட்டை சொன்னது: "நவநீதன்."

வேறு சாட்சி இல்லை. தம்பிக்காரன் மறுக்கவும் இல்லை. தன் வக்கீலிடமே, "எங்கக்கா சொன்னாச் சரியா இருக்குமுங்க" என்று சொல்லி அவரைத் தலையில் கைவைக்க விட்டவன். ஆக, வழக்கு முழுவதும் ஒரே ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அது கோகிலவாணியின் வார்த்தை என்றால் அவன் உள்ளே போவான். சில்லின் யூகம் என்றால் வீட்டுக்குப் போவான்.

"யூகம்னா என்னம்மா, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"நீங்க தினம் போற டீக்கடையில, உங்க தலையைப் பார்த்ததுமே மாஸ்டர் வழக்கமான டீயைப் போட ஆரம்பிச்சிடுவாரு இல்லீங்களா? நீங்க வாயைத் திறந்து அதையே கேட்டா உடனே கைக்கு வரும். வேற கேட்டீங்கன்னா அதை ஓரமா வெச்சுட்டுப் புதுசாப் போடுவாரு. ஒவ்வொரு வார்த்தைக்கும் இவங்க காத்திருக்கக் கூடாதுன்னு சில்லும் அப்படித்தான் முன்கூட்டியே ஒண்ணைத் தயார் பண்ணும்."

"நம்ம மாஸ்டர் எனக்கு சக்கரை இல்லாமதான் போடறாரு. நான் சொன்னதே இல்ல. அப்ப இந்தம்மா குடிக்கற டீ எல்லாம் மாஸ்டர் இஷ்டத்துக்குப் போட்டதுங்கறீங்க."

"நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு."

விபத்துக்கு முன்பு மூன்று வருடம் கோகிலவாணி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை வைத்துத்தான் அந்தச் சில்லைப் பழக்கியிருந்தார்கள் என்பதையும் சம்யுக்தா சொன்னாள். அந்தப் பதிவுகளில் வேன் என்ற வார்த்தை வந்த இடமெல்லாம் பின்னாலேயே நவநீதனும் வந்தான். வேனை அனுப்பு நவநீதா, வேன் எங்கடா நிக்குது நவநீதா. வேனை ஓட்டினது யார் என்று கேட்டால் சில்லு வேறு யாரைச் சொல்லும்?

எதிர்த்தரப்பு வக்கீலின் முகத்தில் தீபாவளி தெரிந்தது. நவநீதன், சுவர் என்று நினைத்து எட்டு மாதமாக முட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கதவைக் கண்டவனைப் போல அக்காவைப் பார்த்தான்.

கோகிலவாணியின் விளக்கு பச்சையானது. குரலுக்குப் பின்னால் மெல்லிய இரைச்சல் கேட்டது. தையல் மெஷின்களுக்கு நடுவே நின்று பேசிய பழைய பதிவுகளின் மிச்சம்.

"அப்ப எட்டு மாசமா நான் பேசலீங்களா?"

தம்பியின் பக்கம் கையை நீட்டினாள்.

"போன வாரம் இவனை ஒரு மணி நேரம் திட்டினனே. அதுவுமா நான் இல்ல?"

"அது சத்தியமா நீதான்க்கா" என்றான் தம்பி.

நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு சம்யுக்தாவிடம் ஒரு கேள்வி கேட்டார். முப்பது வருடமாகச் சாட்சிகளிடம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி.

"இந்தத் தொண்ணூத்தொண்ணை நீங்க எண்ணிப் பார்த்தீங்களா, இல்ல கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சீங்களா?"

"புரியலைங்க ஐயா."

"கண்ணால பார்த்தேன்னு ஒரு சாட்சி சொல்லும். பார்த்தவன் சொன்னான்னு இன்னொண்ணு சொல்லும். ரெண்டாவதை நான் எழுதிக்க மாட்டேன். உங்க எண்ணு எந்த ஜாதி?"

 அந்தக் கேள்வியை மூன்று வாரத்தில் பார்த்திபன் கேட்கவில்லை. சம்யுக்தாவும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சொன்னாள். சில்லுக்குள் எண்ணுவதற்கென்று இருக்கும் கவுன்ட்டர்கள் நாலே நாலுதான். அவளுக்கு வேண்டியதோ எட்டு எண்கள். அதனால் அந்த நாலையும் கொஞ்ச நேரம் முதல் நாலு கட்டத்துக்கும், கொஞ்ச நேரம் அடுத்த நாலு கட்டத்துக்கும் மாற்றி மாற்றி வைத்தாள். பாதி நேரம் பார்த்ததை இரண்டால் பெருக்கினாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். தப்பு என்று யாரும் நினைப்பதில்லை.

அரசு வக்கீலுக்கு விளங்கவில்லை. நீதிபதிக்குப் பாதி விளங்கியது. கோகிலவாணிக்கு முழுக்க விளங்கிவிட்டது.

"நாலு செக்கர், எட்டு மெஷினுங்க" என்றாள். "ஆள் பத்தலீன்னா நாங்களும் அப்படித்தான் நிறுத்துவோம். அரை மணி இந்த மெஷின், அரை மணி பக்கத்து மெஷின். பார்த்த டேமேஜை ரெண்டால பெருக்கி எழுதிக்குவோம்."

"அதேதாங்க."

"ஏங்கண்ணு, மாத்தி நிக்கற நேரம் எப்பவும் ஒரே அளவா வெச்சீங்களா?"

"ஆமாங்க. ஒரு செகண்டை அம்பது பங்கு வெச்சா அதுல ஒரு பங்கு."

"ஒரே அளவா நின்னா டெய்லருக்கு அது தெரிஞ்சு போகுமுங்க. செக்கர் நிக்கற அரை மணி ஒழுங்கா அடிப்பான், அந்தப்பக்கம் போனதும் இஷ்டத்துக்கு அடிப்பான். எண்ணிக்கை பொய்யாப் போயிரும். நான் மணி பார்த்து ஆளை மாத்தவே மாட்டேன். உங்க சில்லுக்கும் ஒரு தாளம் இருக்குமில்ல?"

இருந்தது. சம்யுக்தா வாயைத் திறந்தபடி நின்றாள். ஒரு செகண்டின் ஐம்பதில் ஒரு பங்கு சில்லு யூகிக்கும். அடுத்த பங்கில் அந்த யூகத்தைச் சரிபார்க்கும். அவளுடைய கவுன்ட்டரும் அதே தாளத்தில் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சில்லு யூகிக்கிற நேரத்தை மட்டுமே அது பார்த்தது. யூகம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க அவள் செய்த கருவி, தானே யூகம் செய்திருக்கிறது.

"அக்கா, சும்மா இரு" என்றான் நவநீதன். 

"எப்படிடா சும்மா இருக்கறது? என் பேச்சை என்னுது இல்லீங்கறாங்க."

"அக்கா."

அந்த இரண்டாவது அக்காவில் ஏதோ இருந்தது. கோகிலவாணி அவனைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அந்தப் பொய்யான எண் அப்படியே நின்றிருந்தால் தம்பி மதியம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டிருப்பான். வாய் தவறவில்லை, தொழில் தெரிந்தவள், தப்பைப் பார்த்துவிட்டு வாயைக் கட்ட முடியவில்லை. விளக்கு அணைந்தது. 

*

சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. இனி நாலு கவுன்ட்டரையும் ஒரு சமயத்தில் நாலு கட்டத்துக்கு மட்டும் வைப்பது, பெருக்கல் கிடையாது. நீதிபதி நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து, எது எங்கே போகிறது என்று பள்ளிக்கூடப் பையன் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் பார்த்திபன் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை அவள் எடுத்து, என் கணக்குத்தான் தப்பு, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

இரண்டு வக்கீல்களும் சம்மதித்தார்கள். நீதிபதி கோகிலவாணியிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். ஊர், வேலை, திருப்பூரின் தண்ணீர்க் கஷ்டம். அவள் ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னாள். ஐந்து நிமிடம் கழித்துத் திரையில் ஓர் எண் வந்து நின்றது. 22.

"கணக்குப் போட்டது தொண்ணூத்தொண்ணு, எண்ணினது இருபத்திரண்டு" என்றார் நீதிபதி. அவளைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை; அதனாலேயே அது நன்றாகக் குத்தியது.

பிறகு அந்தக் கேள்வியையும் கேட்டார். வேனை ஓட்டினது யாரு?

விளக்கு பச்சையானது. கொஞ்சம் தாமதம்.

"நவநீதன்."

சம்யுக்தா திரையைப் பார்த்தாள். இந்த ஒரு வார்த்தையில் யூகத்தின் பங்கு பூஜ்யம். ஒவ்வோர் எழுத்தும் கோகிலவாணியிடமிருந்தே வந்திருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நவநீதன் மூச்சை விட்டான். விடு அக்கா என்று கண்ணாலேயே சொன்னான். சம்யுக்தாவுக்கு அப்படித்தான் தெரிந்தது.

வேலை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மீதி நாலு கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. கவுன்ட்டர்களை அந்தப் பக்கம் மாற்றிவிட்டு, பதிவுக்காக இன்னும் ஒரு தடவை கேட்கச் சொன்னாள்.

"நவநீதன்."

கடைசிக் கட்டத்தின் பெயர் 'தள்ளுபடி'. சில்லு தயார் செய்து, வேண்டாம் என்று வீசிய யூகங்களின் எண்ணிக்கை. அதில் 1 வந்தது.

அதனால் ஒன்றும் இல்லை. சாதாரணப் பேச்சில் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து வீசப்படும். ஆனாலும் மறுபடி கேட்கச் சொன்னாள். மறுபடி 1. இன்னொரு தடவை. அப்போதும் 1.

இது சாதாரணம் இல்லை. ஒரே கேள்விக்கு இரண்டு தடவை யூகம் தப்பினால் சில்லு அதை மறந்துவிடும். டீ மாஸ்டர்கூட இரண்டு நாளில் திருந்திவிடுவார். இதுவோ ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் தயார் செய்து, ஒவ்வொரு தடவையும் அதை வீசிக்கொண்டே இருந்தது. பழக்கத்தால் வந்த யூகம் என்றால் இத்தனை நேரம் அது செத்திருக்க வேண்டும். அப்படியென்றால் அது பழக்கத்திலிருந்து வரவில்லை. கேள்வி காதில் விழுந்ததும் கோகிலவாணிக்குள் முதலில் ஏதோ ஒரு சொல் அசைகிறது. சில்லு அதைப் பிடித்துத் தயாராகிறது. அதற்குள் அவள் அதை விழுங்கிவிட்டு நவநீதன் என்கிறாள்.

இதை மனதுக்குள் சொல்லிக்கொள்வதாக நினைத்துக்கொண்டு சம்யுக்தா வாய்விட்டே சொல்லிவிட்டாள். பாதியில் நிறுத்தினாள். ஆனால் பாதி போதுமானதாக இருந்தது.

"அந்த விழுங்கின சொல்லு என்ன?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"தெரியாதுங்க. இது எத்தனைன்னு மட்டும் எண்ணும். என்னன்னு படிக்காது."

"படிக்க வைக்க முடியுமா?"

முடியும். ஒரு மாத வேலை. ஒன்பதாவது கட்டம். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஆனால் அந்தக் கட்டம் கண் முன்னால் வந்து நின்றது. ஆயிரத்து நூற்று நாற்பது பேர் சொல்ல நினைத்து விழுங்கியதெல்லாம் வரிசையாக ஒரு திரையில். மாமியாரிடம் விழுங்கியது, முதலாளியிடம் விழுங்கியது, புருஷனிடம் விழுங்கியது.

அவள் பதில் சொல்வதற்கு முன் நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"வேண்டாம். அதை என் கோர்ட்டுல கேக்காதீங்க. வாய் வரைக்கும் வராததைச் சாட்சியம்னு எழுத ஆரம்பிச்சா, இந்த ரூம்ல ஒருத்தரும் ஜெயிலுக்கு வெளியில இருக்க மாட்டோம். நானும் சேர்த்துத்தான்." கோகிலவாணியின் பக்கம் திரும்பினார். "உங்க வாயில வந்த சொல்லு உங்களதுதான்னு தெரிஞ்சு போச்சு. அவ்வளவுதான் எனக்கு வேணும். உள்ள இருக்கறது உங்களுக்கும் உங்க சாமிக்கும்."

எழுத்தரைக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். சாட்சியின் கருவி பரிசோதிக்கப்பட்டது. சாட்சி கூறிய பெயர் சாட்சியின் சொந்தக் கூற்றே என்பது...

நவநீதன் எழுந்து நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான், வேனுக்குச் சரக்கு ஏறும்வரை காத்திருக்கும் டிரைவரைப் போல.

கோகிலவாணி கையை உயர்த்தினாள். நீதிபதியைப் பார்க்கவில்லை; சம்யுக்தாவைத்தான் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, ஒண்ணு கேக்கட்டுமா? ஜெயிலுக்குள்ள இந்த மெஷினை வெச்சுக்க விடுவாங்களா?"

விசித்திரமான கேள்வி. சம்யுக்தா யோசித்தாள். கழுத்துப் பட்டை ஓயாமல் கம்பெனியோடு பேசிக்கொண்டே இருக்கும். அப்படிப் பேசினால்தான் வேலை செய்யும். செல்போனையே விடாத இடத்தில் இதை எப்படி விடுவார்கள்? அதுவும் போக, இருபது நாளுக்கு ஒரு தடவை கோயமுத்தூருக்கு வந்து சில்லைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு தடவை தவறினால் மூளை சொல்வது சில்லுக்கு விளங்காமல் போய்விடும். பொய் சொல்லித் தேற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"விட மாட்டாங்கன்னுதான் நினைக்கறேங்க. ஏன், உங்க தம்பிக்கு அது எதுக்கு..."

மேலே பேச முடியவில்லை. தம்பியின் கழுத்தில் பட்டை இல்லை என்பது அப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது.

"அக்கா, உக்காரு" என்றான் நவநீதன். "நான் பேசாம இருந்து பழகினவன். உனக்கு ஆகாது. பேசிக்கிட்டே இரு, அது போதும்னு நான்தானே சொன்னேன்."

நீதிபதி எழுத்தரைப் பார்த்துக் கையை அமர்த்தினார். அவர் குரல் தணிந்திருந்தது. தன் மேலேயே திரும்பக்கூடிய எதையும் சொல்ல வேண்டும் என்று கோகிலவாணிக்குக் கட்டாயம் கிடையாது என்றார். ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வரலாம், நாளைக்கு வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினாள். கழுத்துப் பட்டையைத் தொட்டு நேராக்கிக்கொண்டாள். விளக்கு பச்சையானது. இந்தத் தடவை தாமதமே இல்லை. கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சம்யுக்தாவுக்கு அங்கே ஒரு பூஜ்யம் தெரிந்தது. காதில் தையல் மெஷின் இரைச்சலோடு அந்தக் குரல் கேட்டது.

"இவன் பக்கத்துல உக்காந்து எனக்கு வண்டி பழக்கிக் குடுத்துட்டு இருந்தானுங்க. அன்னிக்கு வேனை ஓட்டினது நான்."